மூன்று மாதம் அடைத்து வைத்தால் பையன் திருந்திவிடுவானா?

கேள்வி: டாக்டர், எங்களுக்குத் திருப்பூர். நான் பனியன் கம்பெனியில் செக்கிங், கணவர் டெய்லர். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். மூத்தவனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறான். சின்னவள் ஏழாவது. போன மாதம் துவைக்க எடுத்த பேண்ட் பாக்கெட்டில் ஒரு சிரிஞ்சும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும் இருந்தன. மருந்துக் கடையில் காட்டினேன். வலி மாத்திரை என்று சொல்லிவிட்டு, இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். எட்டாவதில் உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் புகையிலை, பத்தாவதில் கஞ்சா, இப்போது இது என்று அவனே ஒத்துக்கொண்டான். கணவர் பெல்ட்டால் அடித்தார். மூன்று நாள் ரூமில் பூட்டி வைத்தோம். வாந்தி, பேதி, கால் உதறல், மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது, சித்திரை வெயிலில் கம்பளி கேட்டான். நாலாம் நாள் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு போனவன், ராத்திரி வந்து எதுவும் நடக்காத மாதிரி சாப்பிட்டான். என் அண்ணன் ஒரு இடம் சொல்கிறார். மூன்று மாதம் உள்ளேயே வைத்திருப்பார்களாம், போன் கிடையாது, நாங்களும் போய்ப் பார்க்கக் கூடாது, முழுசாகத் திருத்தி அனுப்புவார்களாம். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிவிட்டேன். அனுப்பலாமா? கணவர் வேலை முடிந்து கொஞ்சம் குடிப்பார், ஆனால் அளவோடுதான். நான் ஆன்லைனில் யூரின் கிட் வாங்கிச் சோதித்தேன், ஒன்றும் இல்லை என்றே காட்டுகிறது, அதுவும் குழப்பமாக இருக்கிறது. அவன் பையை நான் தினமும் சோதிக்கலாமா?

பதில்:

அனுப்ப வேண்டாம் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் கட்டிவிட்டால் அப்புறம் நான் என்ன எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. அட்வான்ஸ் கொடுத்திருந்தால்கூடப் போனது போகட்டும் என்று விட்டுவிடுங்கள். நகையை மீட்டுவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நீங்கள் எழுதிய அந்த மூன்று நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாந்தி, பேதி, கால் உதறல், மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், வெயிலில் குளிர். அடி வாங்கியதால் வந்த காய்ச்சல் என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்திருப்பீர்கள். யாராவது திருஷ்டி கழிக்கவும் சொல்லியிருப்பார்கள். அது மாத்திரை நின்றதால் வந்தது. அவன் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது அநேகமாக டேப்பென்டடால் என்ற மருந்தாக இருக்கும்; நம் பக்கம் இந்த வயதுப் பையன்களிடம் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். ஆபரேஷன் வலி, புற்றுநோய் வலி மாதிரி கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டின் பேரில் கொடுக்க வேண்டியது. மூளையில் அபின், மார்ஃபின் எல்லாம் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் போய் உட்காரும். சில வாரம் தினமும் போட்டால் உடம்பு அதை வைத்தே கணக்குப் பண்ணப் பழகிவிடும். நிறுத்தினால் முதல் நாளே கொட்டாவி, மூக்கு ஒழுகல், கை கால் முடி சிலிர்ப்பது என்று ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். உங்கள் பையன் தாழ்ப்பாளைப் பெயர்த்தது அந்த உச்சம் தாங்காமல்தான். திமிர் என்று அதைப் படிக்காதீர்கள். பேதி, எலும்புக்குள் நோவு, மூன்று நாள் தூக்கமில்லை, இதெல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும்போது, ஒரு மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடும் என்று தெரிந்த எவனும் தாழ்ப்பாளைப் பெயர்ப்பான். ராத்திரி வந்து அமைதியாகச் சாப்பிட்டதற்கும் அதுதான் காரணம்.

சரி, கிட் ஏன் ஒன்றும் காட்டவில்லை? கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற சாதாரணச் சோதனைப் பட்டையில் அபின் வகைக்கான கோடு மார்ஃபின் குடும்பத்தைத்தான் தேடும். டேப்பென்டடால் செயற்கையாகச் செய்த வேறு பொருள், அந்தக் கோட்டில் மாட்டாது. கஞ்சா மாட்டும். எப்போதாவது புகைப்பவனுக்குச் சில நாள், தினமும் புகைப்பவனுக்கு மூன்று நாலு வாரம்கூடக் காட்டும். ஆகவே உங்கள் கிட் உங்களுக்குச் சொன்னது, அவன் சமீபத்தில் கஞ்சா புகைக்கவில்லை என்பதை மட்டும்தான். இந்தப் பட்டையை நம்பி "என் பையன் விட்டுட்டான் டாக்டர்" என்று சந்தோஷமாக வந்த எத்தனையோ அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். பையனுக்கு அது தெரியும், அதனால்தான் கேட்டதும் மறுக்காமல் யூரின் பிடித்துக் கொடுத்திருப்பான்.

வாடை பார்ப்பதும் அப்படித்தான். சாராயம் நாறும், பீடி நாறும், கஞ்சா துணியில் ஒட்டும். மாத்திரைக்கு வாடையே கிடையாது. வாயை ஊதச் சொல்லி மோந்து பார்க்கும் பெற்றோரின் காலத்தை இது தாண்டிப் போய்விட்டது. கண்ணைப் பாருங்கள். சாயங்கால வெளிச்சத்திலும் கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால் அவன் போட்டிருக்கிறான். பாப்பா அகல விரிந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு, எரிந்து விழுந்தால் போட்டது இறங்கிக்கொண்டிருக்கிறது. மூக்கைச் சொறிவது, மலச்சிக்கல், பாத்ரூமில் அரை மணி நேரம், வெயிலில் முழுக்கைச் சட்டை. முழுக்கைச் சட்டை விஷயத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், துணி துவைப்பது நீங்கள்தானே.

இப்போது அண்ணன் சொல்லும் இடத்துக்கு வருகிறேன்.

எனக்கு இந்த வேலையில் ஆரம்ப காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஊசி போட்டுக்கொள்ளும் பையன் வந்தால் பத்து நாள் அட்மிட் பண்ணுவேன், உடம்பு நோவெல்லாம் அடங்கியதும், "இனிமே தொடாதே தம்பி, அம்மா முகத்தைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவனும் அழுவான், சத்தியம் பண்ணுவான், அம்மா காலில் விழுவான். எல்லாருக்கும் திருப்தி. அப்படிப் போனவர்களில் ஒரு பையன், 17 வயது, பிறகு வீட்டார் ஏதோ ஒரு இடத்தில் 90 நாள் வைத்திருந்து கூட்டி வந்தார்கள். நல்லாச் சதை போட்டிருந்தான். வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மூன்றாம் நாள் பழைய நண்பன் ஒருத்தன் வந்தான், இவன் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். காலையில் இவன் எழுந்திருக்கவில்லை.

ஏன் அப்படி? போதைக்குப் பழகிய உடம்பு தாங்கும் அளவு, நிறுத்தின சில வாரத்திலேயே இறங்கிவிடும். ஆசை மட்டும் இறங்காது. மூன்று மாதம் கழித்து வெளியே வருபவனுக்குப் பழைய ஞாபகம் இருக்கிறது, பழைய தாங்கும் சக்தி இல்லை. அந்த அளவு மூச்சை நிறுத்திவிடும். இந்த மருந்துகளைப் பொறுத்தவரை அவன் உள்ளே இருக்கும் நாட்களைவிட, வெளியே வரும் முதல் சில வாரங்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அடைத்து வைக்கும் இடங்கள் அந்த வாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. "முழுசாகத் திருத்தி அனுப்புவோம்" என்பதில் அனுப்பிய பிறகு என்ன என்பது கிடையாது.

அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. சில பையன்களைச் சேர்த்தே ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைச் சிகிச்சைக்கும் பொருந்தும். 18 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ சேர்க்கை முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். சங்கிலி கூடாது, தனியறையில் அடைக்கக் கூடாது. நம் மாநிலத்தில் இதைத் தனியாக விளக்கவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். ஆகவே அண்ணனிடம் சொல்லி அந்த இடத்தில் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பண்ணிய சான்றிதழ் இருக்கிறதா? "நான் என் பையன்கூடவே தங்கலாமா?" பார்க்கவே விட மாட்டோம் என்கிறவர்கள் இரண்டாம் கேள்விக்கு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், சாப்பாட்டில் அவனுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி என்று விளம்பரம் வரும். உங்கள் போனில் இந்த மாதிரி விஷயத்தைத் தேடிய பிறகு இன்னும் அதிகமாகவே வரும். வாங்கவே வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

சரி, வேறு என்னதான் செய்வது? உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை ஆரம்பித்திருக்கிறது, பக்கத்தில் எது என்று அங்கேயே கேட்கலாம். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 மனநலத்துக்கான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் காசு கிடையாது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் உங்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் சம்பளத்தைத்தான் செலவு பண்ணச் சொல்கிறேன், நகையை அல்ல.

போனால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் அவனும் பயப்படாமல் வருவான். நான் செய்வது இதுதான். அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிடுவேன். இந்த வயதுப் பையன் முதல் பத்து நிமிஷம் சுவரைப் பார்ப்பான். நான் "ஏன் இப்படிப் பண்ணே" என்று கேட்க மாட்டேன், அதை வீட்டில் நூறு தடவை கேட்டிருப்பார்கள். "மாத்திரை உனக்கு என்ன பண்ணிக் கொடுக்குது?" என்று கேட்பேன். கொஞ்ச நாளைக்கு முன் ஒருத்தன் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான், "போட்டா உள்ளே ஓடிக்கிட்டே இருக்கிற சத்தம் நின்னுடும் சார்." அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கவனக்குறைவுக் கோளாறு, ஏ.டி.ஹெச்.டி. என்பது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, மூன்றாம் வகுப்பிலிருந்து "குரங்கு" என்றே பேர். இன்னொருவனுக்கு மனச்சோர்வு. இன்னொருவனுக்குச் சின்ன வயதில் சொந்தக்காரர் ஒருவரால் நடந்தது, அவன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. மருந்தை மட்டும் பிடுங்கிவிட்டு இந்தச் சத்தத்தை அப்படியே விட்டுவிட்டால் அவன் வேறொன்றைத் தேடிப் போவான். எல்லாருக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தே தீரும் என்றும் இல்லை. சிலபேர் சும்மா கூட்டாளி கொடுத்தான், நல்லா இருந்தது, மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

16 வயதில் மாட்டிக்கொள்வது ஏன் சுலபம் என்றால், மூளையில் ஆசையும் பரபரப்பும் கிளம்பும் பகுதி அந்த வயதில் முழு வேகத்தில் ஓடும். "இரு, யோசி" என்று இழுத்துப் பிடிக்கும் முன்பகுதி முழுதாக முற்ற 25 வயதுவரை ஆகும். அந்த இடைவெளிக்குள் போதை நுழைந்தால், 30 வயதில் ஆரம்பித்தவனைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால், அந்த வயதில் மூளை திரும்பிக் கற்றுக்கொள்வதும் வேகம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இந்த வயதுப் பையன்களிடம் எனக்கு நம்பிக்கை இருப்பதற்கு இதுவும் காரணம்.

கூல் லிப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூல் லிப் வைத்த எல்லாரும் ஊசிக்குப் போவதில்லை, பெரும்பாலோர் போவதில்லை, அதனால் "அன்றே கண்டித்திருந்தால்" என்று உங்களைப் போட்டு வாட்டிக்கொள்ளாதீர்கள். குட்கா வகை 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை. கூல் லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வளவு சகஜமாகப் புழங்குவது பற்றி 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. கடைக்காரன் எட்டாம் வகுப்புப் பையனுக்கு விற்றதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? ஒன்று மட்டும் உண்மை. உதட்டுக்குள் ஒன்றை அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற பாடத்தை அவன் அங்கேதான் படித்தான்.

மருந்துக்கு வருகிறேன். நின்றால் வரும் நோவைக் குறைக்கவே மருந்துகள் இருக்கின்றன, அவன் மறுபடி அந்த மூன்று நாள் நரகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது பியூப்ரெனார்ஃபின், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அதே இடத்தில் போய் உட்கார்ந்து, ஏங்கும் ஏக்கத்தை அடக்கும், ஆனால் பறக்க விடாது. அது உட்கார்ந்திருக்கும்போது மேலே வேறெதையாவது போட்டாலும் பெரிதாக ஏறாது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று உங்கள் கணவர் கேட்பார், எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள், நானே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். தினமும் அளந்த ஒரு மாத்திரை வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய், ராத்திரி தூங்கி, தங்கையோடு சண்டை போடும் பையனைப் போதையில் இருக்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 16 வயதுக்கு மேல் இதைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது, அங்கே குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2016-ல் இதைப் பரிந்துரைத்தது. நம் ஊரில் 18-க்குக் கீழே என்றால் டாக்டர் அவனைப் பார்த்து, உங்கள் சம்மதம் வாங்கி, முடிவு பண்ணுவார். கொடுத்தால் பத்து நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் போகும், சிலருக்கு வருஷத்தைத் தாண்டும். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், உங்கள் கண் முன்னால் கரையட்டும்.

வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் போடுகிறானா என்று அவனிடம் கேட்டு வையுங்கள். நைட்ரஸிபாம் மாதிரி ஒன்றைத் தினமும் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தும் வைத்தியம் அதில் உயிரையே வாங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் போடுவது மூச்சுக்கு இன்னும் ஆபத்து.

ஊசி என்பதால் இன்னும் ஒன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மாவும் பொடியும் சேர்ந்திருக்கும். அது கரையாமல் ரத்தக் குழாயை அடைக்கும், கை வீங்கிச் சீழ் பிடிக்கும், விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும், ஹெச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், ரகசியம். அதில் மஞ்சள் காமாலை சி (ஹெபடைடிஸ் சி) இருந்தாலும் இடிந்து போக வேண்டாம், பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை போட்டால் குணமாகிவிடுகிறது, அரசுத் திட்டத்தில் அதுவும் இலவசம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்துதான் இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஊகிக்கிறேன். அவன் டாக்டரிடம் சொல்வதை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை, நான் மேலே சொன்ன அதே 2017 சட்டம் அதைச் சொல்கிறது. சிறுவர் நீதிச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு 7 வருஷம்வரை ஜெயில் உண்டு, பிள்ளையை வைத்து விற்பவனுக்கும் அதே. குறி விற்பவன் மேல்தான். ஆனால் விற்பவனைப் பற்றி முதல் வாரத்திலேயே அவனைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவன் வாயை மூடிக்கொண்டால் சிகிச்சையும் மூடிக்கொள்ளும். ஸ்கூலுக்கும் "உடம்பு சரியில்லை, சிகிச்சையில் இருக்கிறான்" என்பது போதும். எல்லாவற்றையும் கொட்டி, அவர்கள் டி.சி. கொடுத்து, ஸ்கூலும் போய்விட்டால் அவனுக்கு நாள் முழுக்கத் தெருவும் அந்தக் கூட்டாளிகளும்தான் மிஞ்சுவார்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நீண்ட கடிதத்தில் ஒரே ஒரு வரி, "கொஞ்சம் குடிப்பார், ஆனால் அளவோடுதான்." அந்த வரியை நான் கேட்கவில்லை, நீங்களாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஏதோ உறுத்தியதால்தானே அம்மா? அவர் குடித்ததால் பையன் ஊசி போட்டான் என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு நேர்க்கோட்டில் எதுவும் நடப்பதில்லை. ஆனால் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்த அலுப்பு தீர டாஸ்மாக் போய்விட்டு வரும் அப்பா, பெல்ட்டை எடுத்துக்கொண்டு "போதைக்கு அடிமையாயிட்டியா" என்று கேட்கும்போது அந்தப் பையன் மனதில் என்ன ஓடும்? அலுப்புக்கு ஒன்று போட்டால் தீரும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தது யார்? அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். குற்றவாளியாக அல்ல, அப்பாவாக. பையன் சிகிச்சையில் இருக்கும் மாதங்களில் வீட்டுக்குள் பாட்டில் வேண்டாம் என்பதை மட்டும் முதல் நாள் கேளுங்கள். சிலர் அதோடு தாங்களும் நிறுத்தியிருக்கிறார்கள், சிலர் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள். அடிப்பது மட்டும் இன்றோடு நிற்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. பெல்ட் அடியில் எந்தப் பையனும் மாத்திரையை விட்டதில்லை, வீட்டை விட்டுத்தான் போயிருக்கிறான்.

வீட்டில் காசு கண்ணில் படும்படி கிடக்க வேண்டாம். லீவு நாளில் அவன் பனியன் கம்பெனியில் கைமடி என்ற எடுபிடி வேலைக்குப் போகிறான் என்றால் சனிக்கிழமைச் சம்பளம் கொஞ்ச நாளைக்கு உங்களிடம் வரட்டும், அவனிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து நீங்கள் வரும்வரை ஒரு நாலு மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை, அந்த நேரத்தில்தான் எல்லாமே நடந்திருக்கும். இரண்டு பேரில் ஒருவர் ஒரு மூன்று மாதத்துக்கு ஒரு ஷிப்டோடு வந்துவிட முடியுமா? வருமானம் இடிக்கும், தெரிந்துதான் கேட்கிறேன். அண்ணன் அந்த இடத்துக்குப் பணம் புரட்ட உதவத் தயாராக இருந்தால், அந்த உதவியை இதற்குக் கேளுங்கள்.

அவன் மறுபடி ஒரு நாள் போடுவான். போடாமலே இருந்தால் நல்லது, ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு முறையாவது வழுக்குகிறார்கள். அன்றைக்கு "இவ்வளவு செலவு பண்ணியும்" என்று ஆரம்பிக்காதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர் கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றால் நாம் மாத்திரையை நிறுத்துவதில்லையே. "போட்டுட்டேம்மா" என்று அவனே வந்து சொல்லும் வீடாக உங்கள் வீடு இருந்தால், மறுநாளே டாக்டரைப் பார்க்கலாம். மறைக்க வேண்டிய வீடாக இருந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு பேண்ட் பாக்கெட்டில்தான் உங்களுக்குத் தெரியும்.

இதை மட்டும் வீட்டில் சின்னவள் உட்பட எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் கூப்பிட்டால் எழாமல், குறட்டை மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டு, உதடு நீலம் பூத்தால் தூங்குகிறான் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை போட்டிருக்கிறான் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்க நாலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சில நிமிஷத்தில் எழுந்து உட்காருவார்கள். மூஞ்சியில் தண்ணீர் தெளித்துக்கொண்டும் மோர் புகட்டிக்கொண்டும் நேரத்தை விடாதீர்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

கடைசியாகப் பையைச் சோதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவனுக்குத் தெரியாமல் வேண்டாம். "கொஞ்ச நாளைக்கு நான் பார்ப்பேன்டா, நீயும் பக்கத்தில் நில்லு" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். ஊசி கையில் பட்டால் உங்களுக்கும் ஆபத்து, பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவாமல் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். இப்போது கிடைத்த அந்த சிரிஞ்சைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், குப்பை அள்ள வருபவர் கையில் குத்தும். மூடி போட்ட தடிமனான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுங்கள். அந்தப் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இருக்கிறதல்லவா, கோபத்தில் அடுப்பில் போட்டுவிடாமல் அதையும் எடுத்துப் போங்கள். பின்பக்கம் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சாகியிருக்கும், அங்கே இருக்கும் டாக்டர் உங்களிடம் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.